வெளிறிய முருகையைக் குப்பையில் போடாதீர்கள்

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் முருகை வெள்ளையாகிவிட்டது என்று என்னைக் கூப்பிட்டதில், சித்திரைக்குப் பிறகு இது நான்காவது வீடு. வெள்ளவத்தையில் நாலாம் மாடி. வருஷப் பிறப்புக்கு யாழ்ப்பாணம் போன குடும்பம் ஏசியை நிறுத்தி, வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறது. ஆறு நாள். திரும்பி வந்தபோது தொட்டி வெப்பமானியில் 31.5 டிகிரி, ஹாமர் முருகை (விரல் நுனி சுத்தியல் போலிருக்கும் இனம்) பால் வெள்ளை. நான் போய்ச் சேர்வதற்குப் பத்து நிமிஷம் முந்தித்தான் அந்த அக்கா அதைக் குப்பைப் பையில் போட்டிருந்தார். "செத்துப்போச்சு தம்பி, நாறமுதல் எறிஞ்சிட்டன்."

எடுத்து மணந்து பார்த்தேன். கடல் மணம்தான். தொட்டித் தண்ணீரிலேயே திரும்ப வைத்தேன். இரவு ஒன்பது மணிக்கு லைற்றை அணைத்து, போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தபோது, கண்ணாடி போலத் தெளிந்த விரல்கள் மூன்று கல்லுக்குள்ளிருந்து மெல்ல நீண்டன. அக்கா ஒன்றும் பேசவில்லை.

எத்தனை தடவை சொன்னாலும் போதாது போலிருக்கிறது, மறுபடி சொல்கிறேன். வெளிறியது வேறு, செத்தது வேறு. முருகையின் நிறம் அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசியின் நிறம். வெக்கை தாங்காமல் பாசியை வெளியேற்றியபின் சதை தெளிந்துவிடுகிறது, உள்ளே இருக்கும் வெள்ளைக் கல் தெரிகிறது. சதை அங்கேயே இருக்கிறது. பசியோடு இருக்கிறது, ஏனென்றால் சாப்பாட்டில் பெரும்பங்கைத் தந்தது அந்தப் பாசிதான். செத்த முருகையில் சதையே இராது. கல்லின் விளிம்பு கூராக, மொட்டையாகத் தெரியும், சில நாளில் பச்சைப் பாசி படரும், அழுகும்போது கூழ்முட்டை மணம் அடிக்கும். 1998இல் ஹிக்கடுவையிலும் கற்பிட்டியின் பார் ரீஃப் என்ற முருகைத் திட்டிலும் வெளிறலைக் கொண்டுவந்ததும் இதே வெக்கைதான். கடலுக்கே தாங்காதது உங்கள் இருநூறு லீற்றர் தொட்டிக்குத் தாங்குமா?

இன்னொரு கொடுமை, "வெள்ளையாயிட்டா வெளிச்சம் காணாது" என்ற கடைப் புத்திமதி. மூன்று வீட்டில் லைற்றை நூறு வீதத்துக்கு ஏற்றியிருந்தார்கள். வெளிறிய சதைக்கு அது தீப்புண்ணில் வெயில் பட்ட மாதிரி. லைற்றைப் பாதியாகக் குறையுங்கள். வெளிச்சம் காணாவிட்டாலும், தண்ணீரில் கழிவால் சேரும் நைத்திரேற்று ஏறினாலும் முருகை பெரும்பாலும் தவிட்டு நிறம்தான் ஆகும், வெள்ளை ஆகாது.

லெதர் முருகை (தோல் போன்ற மென்முருகை) ஒரு வாரம் சுருங்கி, மேலே மெழுகுபோல் பளபளத்தால் அது தோல் உரிக்கிறது. தொடாதீர்கள். கிளைகிளையாக வளரும் அக்ரோபோரா முருகையில் சதை அடியிலிருந்து கீற்றாக உரிந்தால் முதலில் காரத்தன்மையைப் பாருங்கள். dKH அளவில் (pH அல்ல) 7க்கும் 9க்கும் இடையில் எந்த எண் என்பதைவிட, ஒரே நாளில் ஒன்றுக்கு மேல் ஏறி இறங்கியதா என்பதே கேள்வி. ஹாமரில் தவிட்டு நிறக் கூழ் கண்டால் மட்டும் பொறுக்க வேண்டாம். பம்பை நிறுத்தி, குழாயால் உறிஞ்சி, அந்தத் துண்டை உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள், பக்கத்துத் தலைக்கும் பரவும்.

காரணம் தெரியும்வரை எந்த மருந்துப் போத்தலையும் திறக்காதீர்கள். வெப்பம், உப்பு, காரத்தன்மை, இந்த வரிசையில் அளவுங்கள். உப்பு 35 (ஆயிரத்தில் 35 பங்கு) என்று காட்ட, நீங்கள் நம்பும் கருவியை 35 அளவுத் திரவத்தால் சரிபார்த்தீர்களா? கொழும்பில் நான் பார்க்கும் பாதி "நோய்" அந்தக் கருவியில்தான் இருக்கிறது. வெள்ளவத்தைக் கரையில் கேனில் கடல் தண்ணீர் அள்ளுகிறவர்களே, மழைக்குப் பிறகு அதில் பாதி வாய்க்கால் தண்ணீர். விட்டுவிடுங்கள். கல்முருகையைக் கடலிலிருந்து உடைத்து எடுப்பது சட்டப்படி குற்றம், அதைப் பற்றி என்னிடம் கேட்கவே வேண்டாம்.

சூடேறிய தொட்டிக்குள் ஐஸ்கட்டி போடாதீர்கள். நாளுக்கு ஒரு டிகிரியாக 26க்கு இறக்குங்கள், மேற்பரப்பில் மின்விசிறி வீசட்டும், ஆவியான அளவுக்கு உப்பில்லாத சுத்தத் தண்ணீர் விடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் குளோரின். வெளிறியதற்கு வாரம் இரண்டு முறை, மிகச் சிறிய அளவு சாப்பாடு. நிறம் திரும்ப வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அந்த அக்காவின் ஹாமருக்கு இது ஐந்தாவது வாரம், அடிப்பக்கம் இப்போதுதான் மங்கலாகத் தவிடு பிடிக்கிறது.

ஊருக்குப் போகும்போது சில்லர் (தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாத வீட்டில் ஏசியை நிறுத்தாதீர்கள். பக்கத்து வீட்டாரிடம் திறப்பைக் கொடுத்து, காலையும் மாலையும் வெப்பமானியைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். 2022 மின்வெட்டில் வாங்கிய பற்றரிக் காற்றுப் பம்பு அலுமாரியில் கிடந்தால் அதை எடுத்துத் தொட்டியடியில் வையுங்கள்.

எனக்குப் படம் அனுப்புகிறவர்கள், தயவுசெய்து, நீல லைற்றில் எடுக்காதீர்கள். வெள்ளை லைற்றில் கிட்டப் பிடித்து ஒன்று, அடிப்பாகம் தெரிய ஒன்று. கூடவே அன்றைய வெப்பமும் உப்பும்.