வால்வு ரேடியோவுக்கு மின்சாரம் கொடுப்பதற்கு முன்

பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த வால்வு (வெற்றிடக் குழாய்) ரேடியோ ஒன்று கைக்குக் கிடைத்ததும், பிளக்கைச் செருகி அது பாடுகிறதா என்று பார்க்கவே எவருக்கும் முதலில் தோன்றும். பழுது நீக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் கேட்டுக்கொள்வது, அந்த ஆவலைச் சற்று அடக்கிவையுங்கள் என்பதே. அத்தகைய ரேடியோக்களில் வால்வுகள் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும், கெட்டிருப்பவை மின்தேக்கிகள்தாம் (கெப்பாசிட்டர்கள்). அவற்றை மாற்றாமல் மின்சாரம் கொடுத்தால், மலிவான ஓர் உறுப்பின் குறை, தேடினாலும் எளிதில் கிடைக்காத டிரான்ஸ்ஃபார்மரையும் வால்வையும் எரித்துவிடும்.

அவற்றுள் மிகவும் அபாயகரமானது, ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனைக்கு) ஒலிச் சைகையைக் கொண்டுசெல்லும் கப்ளிங் மின்தேக்கி. ஒலியை மட்டும் விட்டுவிட்டு, முந்தைய வால்வின் பிளேட்டிலுள்ள (நேர்முனையிலுள்ள) உயர் மின்னழுத்தத்தைத் தடுத்து நிறுத்துவதே அதன் வேலை. ஆனால் அதற்குள் இருப்பது மெழுகில் தோய்த்த காகிதம். அது காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சி, மின்காப்புத் திறனை இழக்கிறது. பிளேட்டில் 150 வோல்ட்டும், கிரிட்டுக்கும் சேஸிஸுக்கும் (ரேடியோவின் உலோகச் சட்டகத்துக்கும்) இடையே 470 கிலோஓம் மின்தடையும் இருப்பதாகக் கொள்வோம். மின்தேக்கியின் கசிவுத் தடை 20 மெகாஓமுக்கு இறங்கியிருந்தாலே, கிரிட்டில் ஏறத்தாழ 3.4 வோல்ட் நேர் மின்னழுத்தம் ஏறிவிடும். இ.எல். 84 வால்வுக்குப் பொதுவாகத் தேவைப்படும் எதிர் பயாஸ் (மின்னோட்டத்தை அளவோடு வைக்கக் கிரிட்டுக்குத் தரும் எதிர் மின்னழுத்தம்) சுமார் 7.3 வோல்ட்தான் என்பதால், இந்தச் சிறு கசிவே வால்வின் மின்னோட்டத்தை வெகுவாக உயர்த்தப் போதுமானது. ரேடியோ அப்போதும் பாடும், ஒலி சற்றே கரகரக்கலாம். கேட்பவர் மனநிறைவோடு அமர்ந்திருக்கும்போதே, மயிரிழை போன்ற கம்பியால் சுற்றிய அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுருள் சூடேறிக்கொண்டிருக்கும்.

மல்டிமீட்டரில் அளந்தேன், சரியான அளவையே காட்டுகிறது என்று பலர் சொல்கிறார்கள். மல்டிமீட்டர் மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் அளக்கிறது. உண்மையான கசிவு நூறு வோல்ட்டுக்கு மேல்தான் வெளிப்படுகிறது. கசியும் காகித மின்தேக்கி, அதில் அச்சிட்டிருப்பதைவிடக் கூடுதலான அளவைக் காட்டுவதும் உண்டு. ஆகவே காகித மின்தேக்கிகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பதில் காலம் செலவிடாமல், எல்லாவற்றையும் 630 வோல்ட் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் மின்தேக்கிகளாக மாற்றிவிடுவதே என் வழக்கம். மைக்கா, செராமிக் வகைகள் பெரும்பாலும் உறுதியானவை. காரணமின்றி அவற்றைத் தொட வேண்டாம்.

மின் வழங்கு பகுதியிலுள்ள எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகளை, மின்னழுத்தத்தை மெல்ல மெல்ல உயர்த்திப் புதுப்பித்துவிடலாம் என்ற கருத்து நிலவுகிறது. சில வேளைகளில் அது பலிக்கலாம். நாள்தோறும் ஓட வேண்டிய ரேடியோவில் அதை நம்பியிருக்க நான் பரிந்துரைப்பதில்லை. புதிதாகப் போடும்போது, பெரிய அளவு போட்டால் இரைச்சல் இன்னும் குறையும் என்று எண்ணி, ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபயரை அடுத்த முதல் மின்தேக்கியின் அளவை உயர்த்திவிடக் கூடாது. ஒவ்வொரு ரெக்டிஃபயர் வால்வும் தாங்கும் உச்ச அளவு உண்டு, இ.இசட். 80 வால்வுக்கு அது 50 மைக்ரோஃபாரட். புதிய எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியின் எதிர்முனையைக் கண்ணை மூடிக்கொண்டு சேஸிஸில் இணைப்பதும் தவறு. சில ரேடியோக்களில் எதிர்முனைக்கும் சேஸிஸுக்கும் இடையே பயாஸ் மின்தடை ஒன்று இருக்கும். அதைத் தாண்டி இணைத்தால் அவுட்புட் வால்வு பயாஸ் இழக்கும். பழைய மின்தேக்கியைத் துண்டிக்காமல் அதன் மேலேயே புதியதை இணைப்பதும் கூடாது.

மின்கம்பிக்கும் சேஸிஸுக்கும் இடையிலுள்ள மின்தேக்கி உயிரோடு தொடர்புடையது. அது ஷார்ட் ஆனால் சேஸிஸ் முழுவதும் மின்சாரம் பாயும். அந்த இடத்தில் ஒய்2 பாதுகாப்பு வகையையும், இரு மின்கம்பிகளுக்கு இடையே எக்ஸ்2 வகையையும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி-டிசி ரேடியோக்களில் சேஸிஸே நேரடியாக மின்கம்பியோடு இணைந்திருக்கக்கூடும் என்பதால், ரேடியோவை மெயின்ஸிலிருந்து பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அவற்றைத் திறந்து சோதிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் மின் வழங்கு பகுதியின் ஃபில்டர் மின்தேக்கிகளில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கலாம். 10 கிலோஓம், 5 வாட் மின்தடை ஒன்றை மின்காப்புள்ள கிளிப்புகளால் இணைத்து அதை வடித்து, மீட்டரில் உறுதிசெய்த பின்னரே உள்ளே கை வைக்க வேண்டும்.

மாற்றத் தொடங்குமுன் வயரிங்கைப் படமெடுத்துக்கொண்டு, ஒன்றைக் கழற்றி ஒன்றைப் பற்றவைத்து முன்னேறுங்கள். எல்லாவற்றையும் மொத்தமாக வெட்டியெடுத்த ரேடியோவைச் சீர்செய்வது பெரும் பாடு. முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது, 40 அல்லது 60 வாட் இழை பல்பு ஒன்றை மெயின்ஸ் இணைப்பில் தொடராக இணைத்துக்கொள்ளுங்கள், எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பல்பு முதலில் பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் நல்ல அறிகுறி. மங்காவிட்டால் உடனே அணைத்துவிட்டுக் குறையைத் தேடுங்கள். பல்பை நீக்கி முழு மின்னழுத்தம் கொடுத்ததும், அவுட்புட் வால்வின் கிரிட்டில் நேர் மின்னழுத்தம் சிறிதும் இல்லை என்பதையும், கேத்தோடு (வால்வின் எதிர்முனை) மின்னழுத்தம் சர்க்யூட் வரைபடத்தில் குறித்தபடி இருப்பதையும் அளந்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.