விஸ்காசிட்டி: பாகா, பிசுக்கா?

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது அம்மா பக்கத்தில் ஒரு சின்னத் தட்டில் தண்ணீர் வைத்துக்கொள்வார். கரண்டி நுனியிலிருந்து ஒரு சொட்டு வெல்லப்பாகை அதில் விடுவார். கரைந்து ஓடினால் பதம் வரவில்லை. அடியில் திரண்டு நின்று, விரலால் கூட்டி உருட்ட வந்தால் உருட்டுப் பதம், உடனே அடுப்பை அணைக்க வேண்டும். பொரி உருண்டைக்கு இன்னும் கொஞ்ச நேரம் காயும். அந்தச் சொட்டை எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் வரும். சர்க்கரைப் பாகென்றால் இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்துப் பார்ப்பது, கம்பிப் பதம். வெப்பமானி கிடையாது, தராசு கிடையாது. நான் ஒருமுறை தனியாக முயன்று, இரண்டு நிமிடம் தாமதித்து, அதிரசத்துக்குப் பதில் ஓடு செய்தேன்.

அந்தச் சொட்டில் அம்மா பார்த்தது, ஒரு திரவம் ஓட எவ்வளவு தயங்குகிறது என்பதை; ஆங்கிலத்தில் விஸ்காசிட்டி எனப்படும் பண்பின் ஒரு முகம். தமிழ்ப் பாடநூல்கள் அதைப் பாகுநிலை என்கின்றன. அதனால் வரும் விசை பாகியல் விசை. பாகுத்தன்மை, பிசுக்குமை என்றும் எழுதுகிறார்கள். ‘சமையலறைச் சொல்லைக் கொண்டுபோய் இயற்பியலில் வைத்திருக்கிறார்களே’ என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சலிப்பு இல்லை. மூலச்சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அவர்களுக்கும் இருக்காது.

லத்தீனில் விஸ்கம் என்றால் மரத்தின்மேல் ஒட்டி வளரும் புல்லுருவி வகைச் செடி. அதன் பழத்துக்குள் பசை இருக்கும். அதை எடுத்துக் கொம்பில் பூசிவைத்தால் வந்து உட்காரும் குருவி ஒட்டிக்கொள்ளும். நம் பக்கம் ஆலம்பாலைக் கொண்டு செய்த அதே வேலைதான். செடிக்கும் பசைக்கும் ஒரே பெயர். அதிலிருந்து ‘பசைபோன்ற’ என்ற அடைமொழி, அதிலிருந்து விஸ்காசிட்டி. ஆக அந்த ‘அறிவியல்’ சொல்லுக்குள் இருப்பது குருவி பிடிக்கும் கண்ணி. பாகு அதைவிடக் கௌரவமான இடத்திலிருந்து வந்ததுதான்: ஔவையார் பிள்ளையாருக்குத் தருவதாகச் சொன்ன நான்கில் அதுவும் ஒன்று. சமைத்தலைக் குறிக்கும் வடமொழிப் ‘பாக’த்தோடு இதைச் சேர்ப்பவர்களும் உண்டு, தமிழ் வேரே காட்டுபவர்களும் உண்டு. அந்த வழக்கு இங்கே தீராது.

நியூட்டன் 1687-இல் இந்தப் பண்பைப் பற்றி எழுதியபோது பசையை இழுக்கவே இல்லை. ‘வழுக்கல் குறைவு’ என்ற பொருளில் எழுதினார். திரவத்தின் ஓர் அடுக்கு இன்னொன்றின்மேல் நழுவும்போது, அந்த வழுக்கல் குறைவால் எழும் எதிர்ப்பு, நழுவும் வேகத்துக்கு ஏற்றபடி இருக்கும் என்றார். விஷயம் இதுதான்: திரவம் நம் கையில் ஒட்டுகிறதா என்பதல்ல, தனக்குள்ளேயே எவ்வளவு உரசிக்கொள்கிறது என்பது.

பிசுக்குமை என்ற சொல் எனக்குச் சரிப்படாததற்குக் காரணமும் இதுதான். பிசுக்கு என்றால் எண்ணெய்ப் பிசுக்கு, தலையணைப் பிசுக்கு; மேலே படிந்து ஒட்டுவது. பாதரசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் ஒட்டாது, முத்து முத்தாக ஓடும், பிசுக்கே இல்லை. ஆனால் அறை வெப்பத்தில் அதன் பாகுநிலை நீரைப்போல ஒன்றரை மடங்கு. பிசுக்கை வைத்து யோசிப்பவர் இங்கே தடுக்கி விழுவார். லத்தீன் சொல்லுக்கும் இதே குறை உண்டு. பாகும் ஒட்டத்தான் செய்யும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பாகு என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது பதம், அதாவது எவ்வளவு இறுகியிருக்கிறது, எப்படி விழுகிறது என்பது.

பாகுக்கும் இந்த இயற்பியலுக்கும் நேரடி உறவே உண்டு. ஐன்ஸ்டைனின் 1905 முனைவர் பட்ட ஆய்வு சர்க்கரைக் கரைசலைப் பற்றியது. சர்க்கரை கரைந்தால் நீரின் பாகுநிலை எவ்வளவு கூடுகிறது என்பதிலிருந்து, மூலக்கூறை ஒரு சின்ன உருண்டையாக எண்ணி, அதன் அளவைக் கணக்கிட்டார். மிதக்கும் உருண்டைகள் கனஅளவில் 1 சதவீதம் இருந்தால் பாகுநிலை 2.5 சதவீதம் கூடும் என்பது அவர் சூத்திரம். முதலில் அந்த 2.5-க்குப் பதில் 1 என்றுதான் போட்டிருந்தார். பாரிஸில் நடந்த சோதனை ஒத்துவராமல்போக, கணக்கில் பிழை இருந்தது தெரிந்து 1911-இல் திருத்தினார். பதம் தவறியது எனக்கு மட்டும் இல்லை.

சரி, அந்த உருண்டைகள் சும்மா மிதக்காமல் தாமே நீந்தினால்? இந்திய இயற்பியலாளர்கள் ஹத்வால்னே, ஸ்ரீராம் ராமசாமி, மதன் ராவ், அதிதி சிம்ஹா ஆகியோர் 2004-இல் இதைக் கணக்குப்போட்டார்கள். விடை, நீந்தும் விதத்தைப் பொறுத்தது என்று வந்தது.

ஈ. கோலை பாக்டீரியாவின் உடல் மில்லிமீட்டரில் 500-இல் ஒரு பங்குதான் நீளம். பின்னால் இருக்கும் கசையிழைகள் ஒரே கற்றையாகச் சுழன்று நீரைப் பின்னால் தள்ளும். உடல் முன்னால் இருக்கும் நீரை முன்னே தள்ளும். இரு முனையிலும் வெளிப்பக்கமாகத் தள்ளுவதால் இது தள்ளி. கிளாமிடோமோனாஸ் பாசி வேறு. முன்னால் இருக்கும் இரண்டு இழைகளால் தவளை நீச்சல் அடிக்கும், நீரைத் தன் பக்கம் இழுக்கும், அது இழுப்பி. ஓட்டம் திரவத்தை ஒரு திசையில் இழுத்து நீட்டும்போது இவை பெரும்பாலும் அந்தத் திசையை ஒட்டிச் சாய்ந்துகொள்கின்றன. தள்ளி அந்த நீட்டலுக்குக் கைகொடுக்கும், பாகுநிலை குறையும். இழுப்பி எதிர்க்கும், பாகுநிலை கூடும். 2009-இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் நீந்தும் பாக்டீரியாவால் பாகுநிலை பல மடங்கு குறைவதைக் கண்டார்கள். மறுவருடம் பிரான்ஸின் கிரெனோபிளில் பாசியால் அது கூடுவதைக் கண்டார்கள்.

2015-இல் வந்தது இன்னும் விநோதம். பிரான்ஸில் ஒரு குழு ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகளை வைத்து, இடையில் ஈ. கோலை கலந்த திரவத்தை விட்டது. வெளி உருளை மெதுவாகச் சுற்றும். உள்ளே இருப்பது ஒரு கம்பியில் தொங்கும். திரவம் அதை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு கம்பி முறுக்கிக்கொள்ளும். பாக்டீரியா அடர்த்தி கூடக்கூட முறுக்கு குறைந்து, ஒரு கட்டத்தில் காணாமலே போனது. பாகுநிலை பூஜ்யம், சில அளவீடுகளில் பூஜ்யத்துக்கும் கீழே. மீப்பாய்மம், அதாவது பாகுநிலையே இல்லாமல் ஓடும் திரவம், என்ற பெயரைக்கூட இதற்குப் பயன்படுத்தினார்கள். கடுங்குளிரில் திரவ ஹீலியம் காட்டும் மீப்பாய்மத்துக்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று, காரணம் வேறு. இங்கே ஆற்றல் எங்கிருந்தோ முளைக்கவில்லை, பாக்டீரியா தின்ற உணவிலிருந்து வருகிறது.

இந்த இடத்தில் தமிழ்ச் சொற்களுக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது. இத்தகைய திரவத்தை நான் தன்னூக்கப் பாய்மம் என்கிறேன். ஒவ்வொரு துகளுக்கும் தனக்கென்று ஓர் ஊக்கம் இருப்பதுதான் இதன் அடையாளம். இதெல்லாம் அடங்கும் பெரிய துறைக்கு ஆங்கிலத்தில் சாஃப்ட் மேட்டர் என்று பெயர்; அதை மென்பொருள் இயற்பியல் என்று மொழிபெயர்த்தால் வாசகர் கணினிப் பாடம் என்று நினைத்துவிடுவார், அதனால் மென்பருப்பொருள் என்பது மேல். பாகுநிலையில் வரும் ‘நிலை’ பொருந்தாது, பண்பைச் சொல்லப் ‘பாகுமை’ வேண்டும் என்று வாதிடலாம். ஆனால் வெப்பநிலையை ஏற்றுக்கொண்டோமே! அதுவும் எண்ணாக அளக்கும் ஒன்றுதான். தன்னூக்கப் பாய்மத்தில் பாகுநிலை, பாகுமை என்ற இரண்டு சொல்லுமே ஆட்டம் காண்பதுதான் வேடிக்கை. கருவி காட்டும் எண், திரவத்தின் குணத்தோடு துகள்கள் செய்த வேலையையும் சேர்த்தே சொல்கிறது. அதனால் அங்கே தோற்றப் பாகுநிலை என்று எழுதுவதே நேர்மை.

உணவும் ஆக்சிஜனும் தீர்ந்து நீச்சல் நின்றால் கம்பி மறுபடி முறுக்கிக்கொள்ளும். அசையாமல் மிதக்கும் உடல்களால் அந்தத் திரவம், சர்க்கரை கரைத்த நீரைப்போல, வெறும் நீரைவிடச் சற்றே கெட்டியாகிவிடும்.