பழைய கம்ப்யூட்டரைக் கழிக்கும் முன்: மின்கழிவு விதிகளும் மாட்டிக்கொள்ளும் இடங்களும்

எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வக உதவியாளர், தலைமை ஆசிரியர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி, ஓடாத 14 கம்ப்யூட்டர்களைக் காயலான் கடைக்காரரின் வண்டியில் ஏற்றி அனுப்பினார். அறை காலியானதில் எல்லோருக்கும் சந்தோஷம். இருப்புப் பதிவேட்டில் மட்டும் அந்த 14-ம் அப்படியே இருந்தன, அவர் கையெழுத்தோடு. ஓய்வு பெறும் நேரத்தில் நிலுவையின்மைச் சான்று தர மறுத்தார்கள். "பொருளைக் காட்டுங்கள், இல்லையென்றால் பணத்தைக் கட்டுங்கள்." சொன்ன தலைமை ஆசிரியர் எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார். அப்படிச் சொன்னதே அவருக்கு ஞாபகம் இல்லையாம்.

அந்தக் கோப்போடு சில மாதம் நானும் அலைந்தேன். அதில் கற்றுக்கொண்டதுதான் இது.

விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இப்போது நடைமுறையில் இருப்பது மின்கழிவு (மேலாண்மை) விதிகள், 2022. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. 2016 விதிகள் போய்விட்டன. நீங்கள் ‘மொத்த நுகர்வோர்’ என்றால், மின்கழிவை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் ஆகியோரில் ஒருவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். உங்களைப் பொறுத்தவரை சாரம் இவ்வளவுதான்.

மொத்த நுகர்வோர் யார் என்பதில்தான் முதல் சறுக்கல். நிதியாண்டில் ஏதாவது ஒரு சமயத்தில் 1000 கருவிகளாவது பயன்பாட்டில் இருந்த நிறுவனம் என்கிறது விதி. "எங்களிடம் 80 கம்ப்யூட்டர்தானே, எங்களுக்கு வராது" என்று கல்லூரிகளில் சொல்கிறார்கள். ஆனால் கணக்கில் வருவது கம்ப்யூட்டர் மட்டும் இல்லை. முதல் அட்டவணையில் 106 வகைப் பொருட்கள் இருக்கின்றன; மின்விசிறி, ஏசி, குழல்விளக்கு, பிரிண்டர், செல்போன் எல்லாம் சேர்த்தி. 60 அறை, அறைக்கு 6 மின்விசிறி, 8 குழல்விளக்கு என்றாலே 840 ஆகிவிடுகிறது. மேலே கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் ஏசியையும் கூட்டிப் பாருங்கள். எண்ணிப் பார்க்காமல் "வராது" என்று கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

உத்யம் சான்றில் (சிறுதொழில்களுக்கு மத்திய அரசு தரும் பதிவுச் சான்று) ‘குறு நிறுவனம்’ என்று இருந்தால் இந்த விதிகள் பொருந்தாது. அப்படியும் கண்ட இடத்தில் கொட்டலாம் என்று அர்த்தம் இல்லை. கம்ப்யூட்டரின் வட்டில் (ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி) இருக்கும் தகவலுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

அடுத்தது வயசுக் குழப்பம். கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை மேசைக் கம்ப்யூட்டருக்கும் லேப்டாப்புக்கும் 3 வருடம், சர்வருக்கு 6 வருடம் என்று ஆயுள் சொல்கிறது. அது தேய்மானக் கணக்குக்காகச் சொன்னது. கணக்குப் புத்தகத்தில் மதிப்பு தேய்ந்துவிட்டது என்பதற்காக நன்றாக ஓடும் கம்ப்யூட்டரைக் கழிக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததைக் காட்டி நல்ல கம்ப்யூட்டர்களையே ‘கண்டம்’ செய்கிறார்கள், அதாவது பயனற்றது என்று எழுதிக் கழிக்கிறார்கள். ஒரு எஸ்எஸ்டி (சில்லுகளால் ஆன வேகமான வட்டு) போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் அவற்றில் பல, தட்டச்சுக்கும் பாடம் நடத்துவதற்கும் இன்னும் சில வருடம் தாங்கும். ஓடும் கம்ப்யூட்டரை வேறொரு பள்ளிக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஓடாததைத் தலையில் கட்டிவிட்டு ‘நன்கொடை’ என்று பெயர் வைக்காதீர்கள். மத்திய அரசு மானியத்தில் வாங்கியது என்றால், மானியம் தந்தவர்களின் முன் அனுமதி இல்லாமல் கொடுக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. எந்த நிதியில் வாங்கியது என்பதைப் பழைய பில்லில் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

சரி, கழித்தே ஆக வேண்டும். யாரைக் கூப்பிடுவது?

"நாங்கள் அரசு அங்கீகாரம் பெற்றவர்கள்" என்று லேமினேட் செய்த காகிதத்தோடு ஆட்கள் வருவார்கள். வாங்கிப் பார்த்தால், பிரித்தெடுப்பவர் என்றோ சேகரிப்பு மையம் என்றோ பழைய விதிகளின் கீழ் தந்த அனுமதியாக இருக்கும். 2022 விதிகளில் தயாரிப்பாளர் (manufacturer), உற்பத்தியாளர் (producer), புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் என்று நாலு வகைப் பதிவுதான். மத்திய வாரியத்தின் மின்கழிவு இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது. ஆலையின் முகவரி, பதிவின் வகை, காலாவதித் தேதி எல்லாம் பொருந்த வேண்டும். பார்த்த அன்றே அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் சேர்த்துவிடுங்கள், பின்னால் அது உதவும்.

இங்கேதான் அலைச்சலும் தொடங்குகிறது. நான் போன அலுவலகத்தில் "உங்கள் பதிவு எண் என்ன?" என்று கேட்டார்கள். மேலே சொன்ன நாலு வகையில் மொத்த நுகர்வோர் இல்லவே இல்லை. இல்லாத பதிவுக்கு எண் எங்கிருந்து வரும்? அடுத்த மேசையில் 2016 விதிகளின் படிவம் 2-ஐ நிரப்பிக் கொண்டுவரச் சொன்னார்கள். மூன்று முறை போன பிறகு, 2022 விதிகளின் நகலில் பதிவு பற்றிய பக்கத்தில் கோடு போட்டு, கடிதத்தோடு இணைத்துக் கொடுத்து ஒப்புகை வாங்கினேன். அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மொத்த நுகர்வோர் பதிவு வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் வாசலைக் காட்டுங்கள்.

விலையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. காயலான் கடைக்காரர் பெரும்பாலும் பதிவு பெற்றவரைவிட அதிகம் தருவார். வேண்டியதைப் பிடுங்கிக்கொண்டு மிச்சத்தைக் கொளுத்துகிறவருக்குச் செலவு குறைவு, அதனால் கட்டுப்படியாகிறது. நீங்கள் குறைந்த விலைக்கு மறுசுழற்சியாளரிடம் கொடுத்தால் "அரசுக்கு ஏன் இழப்பு?" என்று தணிக்கையில் கேள்வி வரும். இதற்கு வழி, ஏல அறிவிப்பிலேயே ‘பதிவு பெற்ற மறுசுழற்சியாளர், புதுப்பிப்பவர் மட்டும்’ என்று போட்டுவிடுவது. மத்திய அரசு அலுவலகம் என்றால் பொது நிதி விதிகள் 2017-ன்படி, பொருள் ஏன் பயனற்றது என்பதைக் காரணத்தோடு பதிவு செய்ய வேண்டும். ‘பழையது’ என்ற ஒற்றை வார்த்தை காரணம் ஆகாது. மதர்போர்டு போய்விட்டது, உதிரிப்பாகம் கிடைக்கவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதுங்கள்.

பலர் கோட்டை விடுவது வட்டில். ஃபார்மட் செய்தால் தகவல் அழிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். சாதாரண ஃபார்மட்டில் போவது பொருளடக்கம் மட்டும்தான், பக்கங்கள் உள்ளேயே இருக்கும். ஹார்டு டிஸ்க் என்றால் முழுவதையும் மேலெழுதும் மென்பொருளால் ஒரு முறை துடைக்க வேண்டும். எஸ்எஸ்டியில் அந்த முறை முழுசாகப் பலிக்காது. அதற்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பான அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும், முடியாவிட்டால் சில்லுகளையே உடைக்க வேண்டும். காந்தத்தை வைத்தால் எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகாது. பெரிய ஜெராக்ஸ் எந்திரத்துக்குள்ளும் ஹார்டு டிஸ்க் இருக்கலாம், மறந்துவிடாதீர்கள். இதையெல்லாம் உங்கள் இடத்திலேயே முடியுங்கள். தகவல் அழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு சாமான் ஏற்றும் கம்பெனியை நம்பிப் பழைய வட்டுகளை ஒப்படைத்த மார்கன் ஸ்டான்லி என்ற அமெரிக்க நிதி நிறுவனம், 2022-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்துக்கு 3.5 கோடி டாலர் கட்டியது. சில கருவிகள் வாடிக்கையாளர் விவரங்களோடு இணைய ஏலத்துக்கே போயிருந்தன.

யுபிஎஸ் பேட்டரியை இந்தக் குவியலில் சேர்க்காதீர்கள். அதற்கு பேட்டரிக் கழிவு விதிகள் 2022 என்று தனி விதி இருக்கிறது, ரசீதும் தனியாக வேண்டும்.

வண்டி வரும் நாளில் லீவு போடாதீர்கள். வருகிறவர் சிபியூவை ஏற்றிக்கொண்டு, "இதெல்லாம் அடுத்த வாரம்" என்று பழைய குண்டு மானிட்டரையும் டோனரையும் விட்டுவிட்டுப் போகப் பார்ப்பார். அந்த அடுத்த வாரம் வரவே வராது. மொத்தமாக எடுப்பதாக இருந்தால்தான் கேட் திறக்கும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ரசீதில் ‘420 கிலோ மின்கழிவு’ என்று எடையை மட்டும் போட்டுத் தருவார்கள். உங்கள் பதிவேட்டில் கிலோ இல்லை, எண்ணிக்கைதான் இருக்கிறது. இரண்டையும் தணிக்கையாளரால் ஒப்பிடவே முடியாது. ஒவ்வொரு கருவியின் வரிசை எண்ணும் உள்ள பட்டியலை ரசீதோடு இணைத்து, அதிலும் அவர்கள் முத்திரையை வாங்குங்கள். வண்டி எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுங்கள். அன்றைக்கே பதிவேட்டில் அந்த வரிகளைச் சிவப்பு மையில் அடித்து, கழிக்கச் சொன்ன ஆணையின் எண்ணையும் தேதியையும் பக்கத்தில் எழுதி, அலுவலரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். மொத்தத்துக்கும் ஒரு நகல் எடுத்து உங்கள் வீட்டிலும் வையுங்கள்.