வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கும்போது: உயர்நிலை மாணவர்களைப் பாராட்டுவதும் கண்டிப்பதும்

எட்டாம் வகுப்பைத் தாண்டிய மாணவனிடம் ஆசிரியர் சொல்லும் எந்தச் சொல்லும் அவன் காதோடு நிற்பதில்லை. வகுப்பு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது. "எழுந்து நில்லு" என்றதும் அவன் முதலில் பார்ப்பது ஆசிரியர் முகத்தை அல்ல, பக்கத்து பெஞ்சை. தொடக்கப் பள்ளியில் பலித்த பாராட்டும் தண்டனையும் மேல் வகுப்புகளில் எடுபடாமல் போவதற்கு இதுவே முதல் காரணம். சின்னப் பிள்ளைக்கு ஸ்டார் ஒட்டினால் வீடு வரைக்கும் காட்டிக்கொண்டு போகும். பதினாலு வயதுக்காரனை எல்லோர் முன்னாலும் நிறுத்தி "இவனைப் பார்த்துக் கத்துக்குங்க" என்றால், அன்று மதியத்துக்குள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் விழுந்துவிடும். அடுத்த முறை பதில் தெரிந்தாலும் கை தூக்க மாட்டான்.

இந்த வயதில் கூட்டாளிகள் பக்கத்தில் இருப்பது மூளையின் கணக்கையே மாற்றிவிடுகிறது. மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், 13 முதல் 16 வயதுள்ளவர்களையும் பெரியவர்களையும் கார் ஓட்டும் கணினி விளையாட்டை ஆடவிட்டார்கள். நண்பர்கள் அருகில் இருந்தபோது பிள்ளைகள் துணிந்து எடுத்த ஆபத்து வெகுவாகக் கூடியது. பெரியவர்களிடம் அப்படிப்பட்ட மாற்றம் தெரியவில்லை. தனியறையில் "சரி சார், இனிமே பண்ண மாட்டேன்" என்று மனதார ஒப்புக்கொள்கிற அதே பையன், வகுப்பில் எதிர்த்துப் பேசுவது நடிப்பு என்று பல ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். இரண்டுமே அவன்தான். சூழல்தான் வேறு.

அதனால் உயர்நிலை வகுப்பில் எந்த ஒழுங்கு முறையையும் எடைபோட நாங்கள் கேட்கச் சொல்லும் கேள்வி இதுதான்: இதைச் செய்யும்போது யார் பார்க்கிறார்கள், பார்ப்பவர்கள் முன்னால் இந்தப் பிள்ளைக்கு இது லாபமா நட்டமா?

கண்டிப்பை அமைதியாக முடிப்பது

ஒருவன் பாடத்தின் நடுவே பேசிக்கொண்டே இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பாடத்தை நிறுத்தாமல், விளக்கிக்கொண்டே அவன் பெஞ்சுப் பக்கம் போய் நிற்பது முதல் படி. பெரும்பாலும் அதோடு அடங்கிவிடும். அடங்காவிட்டால், அவன் பக்கமாகக் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி, அடுத்து செய்ய வேண்டியதைச் சொல்ல வேண்டும்: "மூணாவது கணக்கு. முதல் வரியை எழுது. ரெண்டு நிமிஷத்துல வந்து பார்க்கிறேன்." சொன்ன கையோடு அங்கிருந்து நகர்ந்துவிட வேண்டும். இந்த நகர்தலில்தான் எல்லாம் இருக்கிறது. தலைமாட்டிலேயே நின்று முறைத்தால், எழுதுவது அவனுக்குத் தோற்பதாகிவிடும். நகர்ந்துவிட்டால் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சில நொடிகள் கிடைக்கும். முணுமுணுப்பான், பேனாவைத் தேடுவதாகப் பாவனை செய்வான், பெருமூச்சு விடுவான், பிறகு எழுதுவான். அந்த முணுமுணுப்பைப் பிடித்துக்கொண்டு "என்ன சொன்னே? சத்தமா சொல்லு பார்ப்போம்" என்று கேட்கும் ஆசிரியர், முடிந்துபோன விஷயத்துக்குத் தானே உயிர் கொடுக்கிறார்.

"ஏன் பேசறே?" என்ற கேள்வியும் வேண்டாம். கேள்வி கேட்டால் பதில் வரும். "நான் இல்ல மிஸ், அவன்தான்" என்று தொடங்கி வகுப்பு நீதிமன்றமாகிவிடும். கணக்கு அப்படியே கிடக்கும்.

மூன்றாவது படியில் இரண்டே வழிகளைக் கொடுத்து, தேர்வை அவனிடம் விட வேண்டும். "போனைப் பைக்குள்ள வைக்கிறியா, பெல் அடிக்கிற வரைக்கும் என் மேசையில வைக்கிறியா?" இரண்டுமே ஆசிரியருக்குச் சம்மதமானதாக இருக்க வேண்டும். "எழுதுறியா, இல்ல தலைமையாசிரியர்கிட்ட போறியா" என்பது தேர்வு அல்ல, மிரட்டல். கூட்டம் பார்க்கும்போது பலர் இரண்டாவதைத்தான் எடுப்பார்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால் பீரியட் முடிந்த பிறகு இரண்டு நிமிடம், மற்றவர்கள் வெளியே போனதும், எதிரெதிராக நிற்காமல் பக்கவாட்டில் நின்று பேச வேண்டும். என்ன நடந்தது, அதனால் யாருக்கு இடைஞ்சல், நாளைக்கு எப்படி இருக்கப் போகிறாய் என்ற மூன்றைக் கேட்டால் போதும். நாலாவதாக அறிவுரை சேர்த்தால் முதல் மூன்றும் மறந்துவிடும்.

1970-இல் ஜேக்கப் கூனின் என்ற கல்வி உளவியலாளர் வகுப்பறை வீடியோ பதிவுகளை ஆராய்ந்து எழுதியது இங்கே பொருந்தும். நன்றாக நடக்கும் வகுப்புக்கும் நடக்காத வகுப்புக்கும் உள்ள வித்தியாசம், தவறு நடந்த பிறகு ஆசிரியர் அதட்டும் விதத்தில் இல்லை என்று அவர் கண்டார். அறை முழுதும் தன் கண்ணில் இருக்கிறது என்று ஆசிரியர் காட்டிக்கொள்வதிலும், பாடத்தைத் தொய்வில்லாமல் நகர்த்துவதிலும்தான் வித்தியாசம் இருந்தது. கரும்பலகைக்கு முகம் காட்டி ஐந்து நிமிடம் எழுதும் ஆசிரியருக்கு எந்தத் தண்டனை முறையும் கைகொடுக்காது. விடைத்தாளை ஒவ்வொன்றாகப் பெயர் கூப்பிட்டுக் கொடுக்கும் அந்தப் பத்து நிமிடமும் அப்படித்தான். சலசலப்பு அங்கேதான் பிறக்கிறது. தாள்களை வரிசைவாரியாகப் பிரித்து, நாலைந்து பேர் கையில் கொடுத்து விநியோகித்தால் பாதி பிரச்சினை தானாகவே இல்லாமல் போகும்.

தண்டனை கடுமையாக இருப்பதைவிட ஒவ்வொரு தடவையும் தவறாமல் வருவதுதான் வேலை செய்யும். பத்து தடவை விட்டுவிட்டுப் பதினோராவது தடவை பெற்றோரை வரச் சொன்னால், பிள்ளைக்குப் புரிவது "இன்னிக்கு சாருக்கு மூடு சரியில்லை" என்பது மட்டுமே. நிறைவேற்ற முடியாத மிரட்டலைச் சொல்லவே கூடாது. "இனிமே என் கிளாசுக்கே வராதே" என்ற வார்த்தைக்கு மறுநாள் காலையே ஆயுள் முடிந்துவிடும், அதோடு ஆசிரியர் வார்த்தையின் மதிப்பும் போகும்.

வெளியே அனுப்புவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாசித்துக் காட்டச் சொல்லும் பீரியடில் மட்டும் ஒருவன் கலாட்டா செய்கிறான். வெளியே போகச் சொல்கிறார்கள். அவனுக்கு வாசிப்பிலிருந்து தப்பித்தல், ஆசிரியருக்கு இருபது நிமிட நிம்மதி. இருவருக்குமே பலன் கிடைத்துவிட்டதால் இருவருமே அதைத் திரும்பச் செய்வார்கள். தண்டனை கூடக்கூடத் தவறும் கூடிக்கொண்டே போகிறது என்றால், அந்தத் தண்டனை அவனுக்குப் பரிசாக வேலை செய்கிறது என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, பீரியட், சம்பவத்துக்குச் சற்று முன் என்ன வேலை கொடுக்கப்பட்டது, பக்கத்தில் யார், என்ன செய்தான், அதன் பிறகு என்ன நடந்தது என்று ஒரு வரியில் எழுதிவர வேண்டும். பத்துப் பதிவு சேர்ந்தால் ஏதோ ஒரு பாங்கு கண்ணில் படும். "எப்பப் பார்த்தாலும் வம்புதான்" என்று பேர் வாங்கியவனின் பதிவுகள், பெரும்பாலும் இரண்டு பாடங்களிலோ ஒரே நண்பன் பக்கத்திலோதான் குவிந்திருக்கும்.

கவனத்துக்காகச் செய்யும் சின்னச் சேட்டையைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் நல்ல வழிதான். ஆனால் விட்டுவிட ஆரம்பித்த முதல் சில நாட்கள் சேட்டை கூடும், சத்தம் ஏறும். இது தெரியாமல் நாலாவது நாள் பொறுமையிழந்து கத்தினால், "இவ்வளவு தூரம் போனால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்" என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்ததாகிவிடும். மற்றவர்களைத் துன்புறுத்தும் செயலை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அதைப் பார்த்தும் பேசாமல் விடுவது அனுமதி கொடுப்பதற்குச் சமம்.

பாராட்டும் பாயிண்டும்

சுவரில் விதிகளை ஒட்டுவதால் மட்டும் எதுவும் நடக்காது. 1968-இல் மேட்சன், பெக்கர், தாமஸ் மூவரும் வெளியிட்ட சோதனையில், விதிகளைச் சொல்வதால் மட்டும் பெரிய பலன் இல்லை. தவறான நடத்தையைக் கண்டுகொள்ளாமல், சரியானதைப் பாராட்டியபோதுதான் வகுப்பு மாறியது. அது தொடக்கப் பள்ளியில் நடந்தது. மேல் வகுப்பில் பாராட்டு அவசியமில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. கொடுக்கும் முறைதான் மாற வேண்டும்.

"வெரி குட்", "சூப்பர்" இரண்டும் காற்றில் போய்விடும். என்ன செய்தான் என்று சொன்னால் நிற்கும். நோட்டின் ஓரத்தில், "குழு வேலையில் மூன்று பேரும் பேசி முடிக்கும் வரை காத்திருந்து, பிறகு உன் கருத்தைச் சொன்னாய். கவனித்தேன்" என்று இரண்டு வரி எழுதலாம். வாசலில் கடந்து போகும்போது தாழ்ந்த குரலில் ஒரு வாக்கியம் சொல்லலாம். அதிகம் பேசாத மாணவிக்கு, எல்லோர் முன்னாலும் கைதட்டச் சொல்வதைவிட இதுவே பெரிது. பாராட்டின் வாலில் குத்தலைக் கட்டவே கூடாது. "இன்னிக்காவது ஒழுங்கா இருந்தியே" என்பதில் "இன்னிக்காவது" மட்டும்தான் காதில் விழும்.

பாயிண்ட் முறையைப் பல பள்ளிகள் உற்சாகமாக ஆரம்பித்து இரண்டு மாதத்தில் கைவிடுகின்றன. எங்கே உடைகிறது என்பது அனேகமாக எல்லா இடத்திலும் ஒன்றுதான். சேட்டைக்காரன் ஒரு பீரியட் சும்மா இருந்தால் ஐந்து பாயிண்ட். வருடம் முழுக்க ஒழுங்காக இருக்கும் நடு பெஞ்சு மாணவிக்கு ஒன்றுமில்லை. அவள் வாய் திறந்து கேட்க மாட்டாள், ஆனால் கணக்கு வைத்துக்கொள்வாள். இதைத் தவிர்க்க, வாரத்துக்கு ஒரு முறை வருகைப் பட்டியலை எடுத்து, இந்த வாரம் ஒரு முறைகூடப் பெயர் சொல்லிப் பாராட்டாமல் விட்ட மாணவர் யார் என்று விரலால் ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். அடுத்த உடைப்பு, கொடுத்த பாயிண்டைக் கோபத்தில் பிடுங்குவது. சம்பாதித்தது பறிபோகும் என்று தெரிந்த அன்றோடு சம்பாதிக்கும் ஆசை போய்விடும். தவறுக்கு வேறு விளைவு இருக்கட்டும், பாயிண்டில் கை வைக்க வேண்டாம். மூன்றாவது, பரிசு வருடக் கடைசியில் இருப்பது. எட்டு மாதம் கழித்து வரும் கோப்பைக்காக யாரும் இன்றைய பின்பெஞ்சுப் பேச்சை நிறுத்துவதில்லை. தடுமாறும் மாணவனுக்கு அன்றன்றைக்கே ஏதாவது தெரிய வேண்டும். மற்றவர்களுக்கு வாரம் ஒரு முறை போதும்.

பரிசுப் பொருளுக்குச் செலவே தேவையில்லை. இடத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை, வெள்ளிக்கிழமை கடைசிப் பத்து நிமிடம், ஆய்வகப் பொறுப்பு, நல்ல விஷயத்துக்காக மட்டும் வீட்டுக்கு ஒரு போன் ஆகியவையே இந்த வயதில் எடுபடும். வீட்டுப்பாடத்திலிருந்து விலக்கு தருவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. படிப்பே தண்டனை என்று பள்ளியே ஒப்புக்கொள்வது போலாகும். முழு வருகைக்குப் பரிசு என்பதும் காய்ச்சலில் படுத்த பிள்ளையைத் தண்டிப்பதுதான்.

ஏற்கெனவே விரும்பிச் செய்வதற்குப் பரிசு அறிவிக்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். லெப்பர், கிரீன், நிஸ்பெட் 1973-இல் செய்த ஆய்வில், படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளுக்குச் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். பிறகு சும்மா விட்டபோது அவர்கள் வரைவது குறைந்துபோனது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளுக்கு அப்படி ஆகவில்லை. நூலகத்தில் தானாகப் போய் உட்காரும் மாணவனுக்குப் புத்தகத்துக்கு இத்தனை பாயிண்ட் என்று விலை வைக்க வேண்டாம்.

அதிகம் தடுமாறும் ஒரு சிலருக்குத் தினசரி அட்டை நன்றாக வேலை செய்கிறது. இரண்டு அல்லது மூன்று இலக்குகள் மட்டும். "ஒழுங்காக இருத்தல்" என்று எழுதினால் யாராலும் மதிப்பிட முடியாது. "பெல் அடித்து இரண்டு நிமிடத்தில் நோட்டு மேசை மேல்" என்றால் முடியும். ஒவ்வொரு பீரியடும் 0, 1, 2 என்று மதிப்பெண். காலையில் ஒருவர் ஐந்து நிமிடம் பார்த்து அனுப்ப வேண்டும், மாலையில் அதே ஆள் வாங்கிப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் இலக்கை அவன் இப்போது எட்டக்கூடிய அளவுக்கு வைத்து, பிறகு 80 விழுக்காடு வரை ஏற்றலாம். முதல் வாரமே தோற்றால் அட்டை குப்பைக்குப் போகும். வீட்டில் அடிப்பார்கள் என்ற சந்தேகம் இருந்தால் குறைந்த மதிப்பெண் அட்டையை அனுப்பவே வேண்டாம். இலக்கை எட்டிய நாட்களில் மட்டும் அனுப்பலாம்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

அடி, முட்டி போடவைத்தல், கழுத்தில் அட்டை மாட்டுதல், வீட்டு நிலைமையைச் சொல்லி ஏளனம் செய்தல் எதற்கும் இடமில்லை. 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை 28-ஆவது பிரிவிலேயே, பள்ளி ஒழுங்கு குழந்தையின் மனித மாண்புக்கு உட்பட்டே இருக்க வேண்டும் என்கிறது. ஒருவன் செய்ததற்கு வகுப்பு முழுவதையும் நிறுத்திவைப்பதும் வேண்டாம். ஒழுங்காக இருந்தவர்களின் கோபம் ஆசிரியர் மேல் திரும்பும், அல்லது அவனை அவர்கள் வெளியே தனியாகக் கவனித்துக்கொள்வார்கள். நடத்தைக்காகப் பாட மதிப்பெண்ணைக் குறைத்தால், மதிப்பெண் எதைக் காட்டுகிறது என்பதே தெரியாமல் போகும்.

சண்டை நடந்தால் முதலில் சுற்றி நிற்பவர்களைக் கலைக்க வேண்டும், பெயர் சொல்லி: "நீங்க மூணு பேரும் ஸ்டாஃப் ரூமுக்குப் போய் இன்னொரு சாரைக் கூட்டிட்டு வாங்க." கூட்டம் கலைந்தாலே பாதிச் சண்டைகள் வலுவிழந்துவிடும். இருவரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஒருவரையொருவர் பார்ப்பதற்கு முன் நடந்ததை எழுதி வாங்க வேண்டும். தீர்ப்பு மறுநாள் போதும். ஆனால் ஒருவன் இன்னொருவனைத் தொடர்ந்து மிரட்டிவருகிறான் என்றால் அது சண்டையல்ல. அங்கே இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துக் கைகுலுக்கச் சொல்வது, பாதிக்கப்பட்டவனை மறுபடி பாதிப்பது. அவனாக விரும்பினால் மட்டுமே, போதிய பாதுகாப்போடு, அப்படி ஒரு சந்திப்பை யோசிக்கலாம்.

கடைசியாக, ஒழுங்குப் பிரச்சினை போலத் தோன்றும் வேறு விஷயங்கள். முன்பெஞ்சுக்கு மாற்றியதும் சரியாகிறான் என்றால் கண், காது பரிசோதனைக்குச் சொல்ல வேண்டும். எழுதச் சொன்னால் மட்டும் முரண்டு பிடிப்பவனுக்கு வாசிப்பதிலோ எழுதுவதிலோ கற்றல் சிரமம் இருக்கலாம். நன்றாக இருந்த பிள்ளை சில வாரங்களில் திடீரென்று மாறினால், அதாவது தூங்கி வழிவது, காரணமில்லாத அழுகை, யாராவது தொட்டால் துணுக்குறுவது, வெயிலிலும் முழுக்கை, வீட்டுக்குப் போகத் தயக்கம் என்று தெரிந்தால், தண்டனை நோட்டை மூடிவிட்டு ஆலோசகரிடம் போக வேண்டும். பிள்ளை பேச முன்வந்தால் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யக் கூடாது. "உனக்கு உதவி செய்ய வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்று சொல்லலாம். துருவித் துருவிக் கேட்காமல், பிள்ளை சொன்னதை அதே வார்த்தைகளில் நேரத்தோடு எழுதி, பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றைக்கே சேர்க்க வேண்டும். ஸ்டாஃப் ரூமில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கூடாது.