மண்பாண்டக் கூடத்தில் துடைப்பத்துக்கு ஏன் தடை?

மாதக் கட்டணம் கட்டி, பொதுச் சக்கரத்தில் வனைந்து, பொதுச் சூளையில் சுட்டு எடுத்துப்போகும் மண்பாண்டக் கூடங்கள் நம் நகரங்களிலும் வந்துவிட்டன. சேர்ந்த அன்றே ஒரு விதிப் பட்டியல் கைக்கு வரும். அதில் பலரையும் குழப்புவது முதல் விதி: தரையைப் பெருக்கக் கூடாது. ஏப்ரனை உதறக் கூடாது. காய்ந்த பானையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. கீழே கிடக்கும் குப்பையைப் பெருக்கித் தள்ளுவதை நல்ல பழக்கம் என்று நினைத்து வளர்ந்தவர்களுக்கு இது விநோதமாகத்தான் இருக்கும்.

காரணம் மண்ணில் கலந்திருக்கும் குவார்ட்ஸ், அதாவது படிகச் சிலிக்கா. ஈரமாக இருக்கும்வரை களிமண்ணால் நுரையீரலுக்கு ஒரு கெடுதலும் இல்லை. தரையில் சிந்திய சேறு காய்ந்து, நாலு பேர் மிதித்துப் பொடியானதும் கதை மாறுகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசு பெரிய ஆபத்தல்ல. அது சீக்கிரம் கீழே இறங்கிவிடும், மீறி உள்ளே போனாலும் மூக்கும் தொண்டையும் பிடித்துக்கொள்ளும். சுமார் 5 மைக்ரானுக்குக் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே உள்ள துகள்கள்தான் நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போகின்றன. அவை கண்ணுக்குத் தெரியாது.

அவற்றின் இன்னொரு குணம், இறங்கவே மனமில்லாமல் மிதப்பது. காற்றசைவே இல்லாத அறையிலும் 1 மைக்ரான் குவார்ட்ஸ் துகள் ஒன்றரை மீட்டர் கீழே வர 5 மணி நேரம் ஆகும். மின்விசிறி சுற்றினால் இன்னும் அதிகம். ஆக, காலை வகுப்பில் ஒருவர் பொறுப்பாகப் பெருக்கிவிட்டுப் போனால், அந்தத் தூசை மூச்சில் இழுப்பது மதிய வகுப்புக்கு வருபவர்.

உள்ளே போன துகளை விழுங்கி அழிக்க நுரையீரலின் காவல் செல்கள் வருகின்றன. மற்ற அழுக்கை அவை செரித்துவிடும், குவார்ட்ஸை முடியாது. முயன்ற செல் செத்து உடைகிறது, துகள் அப்படியே வெளியே வருகிறது, அடுத்த செல் வந்து அதே முயற்சியைச் செய்கிறது. ஒவ்வொரு முறையும் ஏற்படும் அழற்சி கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாகிறது. விரிந்து சுருங்க வேண்டிய திசு விறைத்துப்போகிறது. இதுதான் சிலிக்கோசிஸ். வந்த தழும்பைப் போக்க மருந்து கிடையாது. மூச்சில் போகும் படிகச் சிலிக்காவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1997-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் வகைப்படுத்தியது.

அமெரிக்கப் பணியிட விதிப்படி, 8 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் இந்தச் சிலிக்கா 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஆறுக்கு ஐந்து மீட்டர், மூன்று மீட்டர் உயரம் உள்ள கூடத்தில் கணக்குப் போட்டால் மொத்தமே 4.5 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பில் ஐம்பதில் ஒரு பங்கு கூட வராது.

வாரம் ஒரு நாள் வருபவர் இதைப் படித்துப் பயப்பட வேண்டியதில்லை. இந்த நோய் பொதுவாகப் பல வருடத் தூசில் வருவது. ஆனால் கூடத்தைக் கவனிக்கும் ஊழியரும் கற்றுக்கொடுப்பவரும் நாள் முழுக்க அங்கேயே இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்த விதி முக்கியமாக அவர்களுக்காகத்தான். பழைய விஷயமும்கூட: இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் பாண்டத்தை வெளுப்பாக்கச் சிலிக்கா நிறைந்த சிக்கிமுக்கிக் கல்லைச் சுட்டு அரைத்துச் சேர்த்தார்கள், அரைத்தவர்கள் நுரையீரல் கெட்டுச் செத்தார்கள். கல்லைத் தண்ணீருக்குள் வைத்து அரைக்கும் முறைக்கு தாமஸ் பென்சன் 1726-இலேயே காப்புரிமை வாங்கினார்.

இன்றைக்கும் வழி தண்ணீர்தான். ஈரத் துணியும் ஸ்பாஞ்சும் துகளை எழும்பவிடாமல் ஒட்டவைத்து எடுத்துவிடும். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. துடைத்த தரை காய்ந்ததும் வெளிறிய படலம் தெரிந்தால், வாளித் தண்ணீர் சேறாக இருந்தது என்று பொருள். தூசை எடுக்கவில்லை, பரவலாகப் பூசியிருக்கிறோம். தண்ணீரை மாற்றி இன்னொரு தடவை துடைக்க வேண்டும். பானைக்குக் கண்ணாடிப் பூச்சாகும் கிளேஸ் பொடியைக் கலக்கும்போது துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க் எல்லாம் உதவாது, ஓரத்து இடைவெளி வழியே காற்று போய்வரும்; முகத்தோடு படியும் என்95 வேண்டும். கை கழுவிய சேற்றுத் தண்ணீரை நேரே தொட்டியில் ஊற்றாமல் வாளியில் தெளியவிடச் சொல்வது குழாய் அடைத்துக்கொள்ளும் என்பதற்காக. அதற்கு விளக்கம் தேவையில்லை.

அப்புறம் சூளை. சண்டை வருவதெல்லாம் இங்கேதான்.

பானை வெடித்தால் எல்லோரும் உள்ளே இருந்த காற்றுக் குமிழியைக் குற்றம் சொல்வார்கள். பெரும்பாலும் அது நிரபராதி, குற்றவாளி ஈரம். தண்ணீர் நீராவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரிகிறது. தடித்த அடிப்பாகத்தில் தங்கிய ஈரம் வெளியே வர வழி கிடைப்பதற்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டினால் சுவர் பிளந்து சிதறும், பக்கத்துப் பானைகளையும் சேர்த்து உடைக்கும். ஈரம் இருக்கிறதா என்று பார்க்கப் பானையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள். சில்லென்றிருந்தால் தண்ணீர் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. அந்தப் பானை அடுத்த சூளைக்குக் காத்திருக்கட்டும்.

என்ன மண் என்று பானையின் அடியில் எழுதச் சொல்வதும் இதைப் போலத்தான். ஸ்டோன்வேர், அதாவது கல் போல இறுகும் பாண்டத்துக்கான மண், 1,200 டிகிரிக்கு மேல்தான் முழுதாக இறுகும். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பயின்றவர்கள் பலர் இந்த வகை வேலையைச் செய்கிறார்கள். பூந்தொட்டி செய்யும் செம்மண் சுமார் 1,000 டிகிரிக்கான சரக்கு. அதை ஸ்டோன்வேர் சூளைக்குள் வைத்தால் உப்பி, உருகி, பானைகளை அடுக்கும் தட்டில் வழிந்து கருப்புக் குட்டையாக நிற்கும். சூளைத் தட்டின் விலை தெரிந்தவர்கள் இதற்குச் சிரிக்க மாட்டார்கள்.

கிளேஸ் என்பதே உருகிக் கண்ணாடியாகும் பூச்சு. அடியில் 5 மில்லிமீட்டராவது துடைத்துவிட்டால்தான் தட்டோடு ஒட்டாது. இரண்டு கிளேஸை மேல்மேலாகப் பூசினால் இன்னும் எச்சரிக்கை வேண்டும்: கலவை பல சமயம் தனித்தனியாக உருகுவதைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். 'ரெண்டும் தனித்தனியா நல்லாத்தானே இருந்துச்சு' என்ற புலம்பல் எல்லாக் கூடத்திலும் கேட்கும்.

சுட்டு முடிந்த சூளையைப் பாதிச் சூட்டில் திறந்து எட்டிப் பார்ப்பதும் ஆகாது. குவார்ட்ஸ் 573 டிகிரியில் படிக அமைப்பு மாறி சட்டென்று சுருங்குகிறது. சில மண்ணில் உருவாகும் கிறிஸ்டோபலைட் என்ற இன்னொரு சிலிக்காப் படிகம் 220 டிகிரி வாக்கில் அதையே செய்கிறது. அந்த நேரத்தில் குளிர்காற்று ஒரு பக்கம் பட்டால் கீறல் விழும். பார்க்க ஆசைப்பட்டவர் பானை தப்பிக்கும், ஓரத்தில் இருந்த மற்றவருடையது போகும்.

கடைசியாக பிளாஸ்டர். மிச்ச மண்ணைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பலகையில் காயவைத்துத் திரும்பப் பிசைவார்கள். உலோகக் கரண்டியால் சுரண்டும்போது ஒரு சின்னத் துணுக்கு பெயர்ந்து பொது மண் வாளிக்குள் போய்விட்டால், சூளையின் உச்சச் சூட்டில் அது சுண்ணாம்பாகும். பானை நன்றாகவே வெளியே வரும். பிறகு காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சி அந்தச் சுண்ணாம்பு உப்பும். சில வாரம் கழித்து, யாருக்கோ பரிசாகக் கொடுத்த கோப்பையின் பக்கவாட்டில் ஒரு சில்லு தெறித்து விழும், குழியின் நடுவே வெள்ளைப் புள்ளி இருக்கும். அதனால்தான் பலகையைச் சுரண்ட மரத் தகடு மட்டும் என்கிறார்கள். வாளியில் துணுக்கு விழுந்ததைப் பார்த்தவர் சொல்லிவிட வேண்டும். அந்த வாளி மண்ணை முழுக்கக் கொட்டிவிடுவார்கள்.