ஆஸ்டினில் போடும் சட்டம் உங்கள் கார்டுக்குப் பொருந்துமா?

டாலஸ் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் பில்லிங் பார்க்கிறேன். கொஞ்ச நாள் முன்னால் ஒரு தம்பி கவுன்ட்டருக்கு வந்தார். அவர் பையனுக்கு ஒன்பது வயது, டைப் 1 சர்க்கரை. போனில் வாட்ஸ்அப் செய்தியைத் திறந்து காட்டினார்: டெக்சாஸில் இன்சுலினுக்கு மாதம் 25 டாலருக்கு மேல் வாங்கக்கூடாது. மருந்துக் கடையில் அவரிடம் அதைப் போல மூன்று மடங்கு கேட்டிருக்கிறார்கள். “சட்டத்தையே மீறுறாங்களே அக்கா, யார்கிட்ட கம்ப்ளெயின்ட் பண்றது?” என்றார்.

செய்தி பொய்யில்லை. 2021-ல் தலைநகர் ஆஸ்டினில் டெக்சாஸ் சட்டமன்றம் அப்படி ஒரு சட்டம் போட்டது. இன்சூரன்ஸின் மருந்துப் பட்டியலில் உள்ள இன்சுலினுக்கு, ஒரு மருந்துச் சீட்டின் 30 நாள் அளவுக்கு, நோயாளியின் பங்கு 25 டாலரைத் தாண்டக்கூடாது. ஆனால் கடைக்காரரும் சட்டத்தை மீறவில்லை. தம்பியின் இன்சூரன்ஸ் கார்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தேன். நான் தேடிய மூன்று எழுத்து அதில் இல்லை.

டெக்சாஸ் மாநிலத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் இன்சூரன்ஸ் என்றால் கார்டில் ஆங்கிலத்தில் டி.டி.ஐ. (TDI) அல்லது டி.ஓ.ஐ. (DOI) என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். மாநில இன்சூரன்ஸ் துறையின் சுருக்கப் பெயர் அது. அந்த எழுத்து இல்லாவிட்டால், ஆஸ்டினில் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போடும் சட்டங்களில் பெரும்பாலானவை உங்களைத் தொடாது.

காரணம் பழையது. இன்சூரன்ஸைக் கட்டுப்படுத்தும் வேலையை 1945-ல் மெக்காரன் ஃபெர்கசன் சட்டத்தின் மூலம் அமெரிக்கக் காங்கிரஸ் மாநிலங்களிடமே விட்டது. 1974-ல் எரிசா என்ற ஃபெடரல் சட்டம், அதாவது மத்திய அரசின் சட்டம், வந்தது. ஒரு நிறுவனம் தன் ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தன் பணத்திலேயே கட்டினால், அது இன்சூரன்ஸ் ஆகாது, மாநிலச் சட்டம் அதன்மேல் செல்லாது என்றாகிவிட்டது. இதைத்தான் செல்ஃப் ஃபண்டட் பிளான் என்கிறார்கள். கார்டில் பெரிய இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர் இருக்கும், ஆனால் அந்தக் கம்பெனி கணக்கு மட்டும்தான் பார்க்கிறது, பணம் உங்கள் முதலாளியுடையது. அமெரிக்காவில் கம்பெனி மூலம் காப்பீடு பெறும் ஊழியர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இப்படிப்பட்ட பிளானில்தான் இருக்கிறார்கள். என் கவுன்ட்டருக்கு வரும் ஐ.டி. குடும்பங்களில் கிட்டத்தட்ட எல்லோருமே அப்படித்தான்.

இதனால் ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு இரண்டு நியாயம் நடக்கிறது. இன்சூரன்ஸ் கட்டியது போக மிச்சம் கேட்டு வரும் எதிர்பாராத பில்களைத் தடுக்கும் ஃபெடரல் சட்டம் 2022-ல் அமலுக்கு வந்தது. அது செல்ஃப் ஃபண்டட் பிளானுக்கும் பொருந்தும். ஆனால் சாலையில் ஓடும் ஆம்புலன்ஸை அதில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அந்த ஓட்டையை அடைக்க டெக்சாஸ் 2023-ல் தனிச் சட்டம் போட்டது. அது மாநிலக் கட்டுப்பாட்டில் உள்ள பிளான்களுக்குத்தான். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரை ஏற்றிப்போன அதே ஆம்புலன்ஸ் உங்களையும் ஏற்றிப்போகலாம், மிச்சப் பணம் கேட்டு பில் உங்களுக்கு மட்டும் வரலாம். சிகிச்சைக்கு முன்பே டாக்டர் இன்சூரன்ஸிடம் வாங்க வேண்டிய முன் அனுமதி விஷயமும் இப்படித்தான். ஒரு டாக்டர் கேட்டவற்றில் 90 சதவீதத்துக்கு அனுமதி கிடைத்திருந்தால், அந்தச் சிகிச்சைக்கு அவர் இனி அனுமதி கேட்க வேண்டாம் என்று 2021-ல் ‘கோல்டு கார்டு’ சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். எங்கள் டாக்டருக்கும் சில பரிசோதனைகளுக்கு அந்தச் சலுகை உண்டு. ஆனாலும் செல்ஃப் ஃபண்டட் நோயாளிகளுக்காக நான் இன்னும் ஃபேக்ஸ் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சட்டமன்றம் எப்போதும் பாதுகாப்பைக் கூட்டத்தான் சட்டம் போடும் என்றும் நினைக்க வேண்டாம். அதே 2021-ல், டெக்சாஸ் ஃபார்ம் பீரோ என்ற விவசாயிகள் அமைப்பு தன் உறுப்பினர்களுக்கு ‘இன்சூரன்ஸ் அல்லாத’ மருத்துவத் திட்டம் விற்கவும் அனுமதி கொடுத்தார்கள். அதில் உடல்நிலை பற்றிக் கேள்வி கேட்கலாம், ஏற்கெனவே நோய் இருந்தால் சேர்க்க மறுக்கலாம். சொந்தத் தொழில் செய்பவர்கள் மாதக் கட்டணம் குறைவு என்பதை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, செல்ஃப் ஃபண்டட் பிளானில் இருப்பவருக்கு வழியே இல்லையா? இருக்கிறது, பலரும் அதைப் பயன்படுத்துவதில்லை. கிளெய்மை மறுத்தால் 180 நாளுக்குள் அப்பீல் செய்யலாம். மருத்துவ ரீதியாகத் தேவையில்லை என்று சொல்லி அதையும் மறுத்தால், நான்கு மாதத்துக்குள் வெளியாள் ஒருவரின் மறு ஆய்வைக் கேட்கலாம். அவர் முடிவுக்குப் பிளான் கட்டுப்பட வேண்டும். இந்த உரிமை ஃபெடரல் சட்டத்தில் இருப்பதால் கார்டில் எந்த எழுத்து இருந்தாலும் உண்டு. ஹெல்த்கேர்.கவ் என்ற அரசு இணையதளம் வழியாக விற்கும் பிளான்களில் 2023-ல் நெட்வொர்க்குக்குள், அதாவது பிளானோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர், மருத்துவமனைகளிடமிருந்து, வந்த கிளெய்ம்களில் 19 சதவீதத்தை மறுத்திருக்கிறார்கள். மறுத்தவற்றில் அப்பீலுக்குப் போனவை 1 சதவீதம்கூட இல்லை. ‘எதற்கு வம்பு’ என்று பணத்தைக் கட்டிவிட்டுப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன், மனசு ஆறவில்லை. மறுப்புக் கடிதத்தைக் குப்பையில் போடாதீர்கள். அதோடு பிளானின் முழு விளக்கப் புத்தகத்தை எச்.ஆரிடம் எழுதிக் கேளுங்கள், 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். தராவிட்டால் தொழிலாளர் துறையின் எப்சா பிரிவிடம் சொல்லலாம். மாநில இன்சூரன்ஸ் துறைக்கு எழுதினால் ‘எங்கள் அதிகாரத்தில் இல்லை’ என்றுதான் பதில் வரும்.

டி.டி.ஐ. கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஆஸ்டின் முக்கியம். சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டில், 140 நாள் கூடும். அடுத்தது 2027 ஜனவரியில். மசோதா குழுவில் இருக்கும்போதே பொதுமக்கள் நேரில் போய்ப் பேசலாம். “நமக்கு ஓட்டே இல்லையே” என்று எச்1பி விசாவில் இருப்பவர்கள் ஒதுங்குகிறார்கள். உங்கள் தொகுதிப் பிரதிநிதிக்குக் கடிதம் எழுத ஓட்டு தேவையில்லை.

அந்தத் தம்பிக்கு ஆஸ்டின் உதவாது என்பதால் அவருடைய ஆபீஸைக் கேட்கச் சொன்னேன். ஹை டிடக்டிபிள் பிளானிலும் (முதலில் ஒரு பெரிய தொகையை நாமே கட்டித் தீர்க்க வேண்டிய பிளான்) அந்த டிடக்டிபிள் தொகை தீரும் முன்பே இன்சுலினுக்குப் பணம் கொடுக்க 2023 முதல் ஃபெடரல் சட்டமே இடம் கொடுக்கிறது. கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, முதலாளி மனசு வைக்க வேண்டும். அவரும், சர்க்கரை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து, அடுத்த வருடப் பிளானைத் தேர்ந்தெடுக்கும் ஓப்பன் என்ரோல்மென்ட்டுக்கு முன்பே எச்.ஆருக்கு எழுதினார்கள். அப்புறம் ஜனவரியில் புதுக் கார்டோடு வந்தார். அதிலும் அந்த மூன்று எழுத்து இல்லை. இன்சுலின் ரசீதில் 30 டாலர் இருந்தது.