'சமாளித்துவிட்டேன் மேடம்'

எஞ்சினை அணைத்து ஹெட்செட்டைக் கழற்றும்போது பயிற்சி மாணவர்கள் இதைச் சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். விமானத்துக்குச் சேதமில்லை, யாருக்கும் அடியில்லை, மூன்று சக்கரங்களும் ஓடுபாதையில்தான் பட்டன. பிறகு சமாளித்தது எதை? கிளறிக் கேட்டால், கதை தரையில் தொடங்கியிருக்காது. ஒரு நிமிடத்துக்கு முன்னால், 600 அடி உயரத்தில், ஒரு திருப்பத்தில் தொடங்கியிருக்கும்.

சமாளிப்பதை நாம் நல்ல குணமாகத்தான் வளர்த்திருக்கிறோம். விருந்தாளி வந்த நேரத்தில் பால் தீர்ந்தாலும் மாதக் கடைசியில் சம்பளம் தாமதமானாலும் சமாளிப்பவரே கெட்டிக்காரர். சிறிய விமானத்தை இறக்கும்போது அந்தக் கெட்டிக்காரத்தனத்தைத்தான் முதலில் மறக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் கற்றுத்தருவது செஸ்னா 172 எஸ் விமானத்தில். ஓடுபாதைக்கு இணையாக 1000 அடியில் எதிர்த்திசையில் பறந்து, இடப்பக்கம் திரும்பி, மறுபடி இடப்பக்கம் திரும்பினால் ஓடுபாதை நேர் எதிரே வரும். இரண்டு திருப்பங்களுக்கும் நடுவில் இருக்கும் பகுதி பேஸ், ஓடுபாதையை நோக்கிய கடைசி நேர்கோடு ஃபைனல். அந்தக் கடைசித் திருப்பத்தை 'பேஸிலிருந்து ஃபைனல்' என்போம். அண்மையில் ஒரு மாணவரோடு அந்தத் திருப்பத்தில் இருந்தேன். காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. அவர் திரும்பத் தொடங்கியபோதே நேரம் கடந்துவிட்டது. ஓடுபாதையின் நடுக்கோட்டைத் தாண்டி வந்துவிட்டோம். இன்னும் கூர்மையாகத் திருப்ப வேண்டும். ஆனால் தரைக்கு அருகில் அதிகம் சாய்க்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அவர் இறக்கையைச் சாய்க்கவில்லை. இடது காலால் ரட்டரை (மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் வால் சுக்கான்) மெல்ல அழுத்தி, மூக்கை மட்டும் ஓடுபாதைப் பக்கம் இழுக்கப் பார்த்தார்.

நான் அவருடைய காலைப் பார்க்கவில்லை. கருவிப் பலகையில் கொத்தனாரின் ரசமட்டம் போல வளைந்த ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. உள்ளே குமிழிக்குப் பதிலாகக் கறுப்புக் குண்டு. திருப்பம் ஒழுங்காக இருந்தால் குண்டு நடுவில் நிற்கும். அது வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. விமானம் வெளிப்பக்கமாக வழுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து நடப்பதை ஒரு கணக்குப் போலச் சொல்லிவிடலாம். இடது ரட்டரால் விமானம் மேலும் இடப்பக்கம் சாயப் பார்க்கும். அதைத் தடுக்க விமானி கைப்பிடியை வலப்பக்கம் திருப்புவார். மூக்கு தாழும், கைப்பிடியைத் தன் பக்கம் இழுப்பார். இப்போது தாழ்ந்திருக்கும் இடது இறக்கையின் அய்லெரான் (பின்விளிம்பில் இருக்கும், விமானத்தைச் சாய்க்கும் மடல்) கீழ்நோக்கி இறங்கியிருப்பதால், அந்த இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அதிகம். எல்லை மீறும்போது அதுதான் முதலில் ஸ்டால் ஆகும். (ஸ்டால் என்றால் எஞ்சின் நின்றுபோவது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. எஞ்சின் நன்றாகவே ஓடும். இறக்கையின் மேல் படிந்து ஓட வேண்டிய காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும்.) விமானம் அந்தப் பக்கமே புரண்டு சுழலத் தொடங்கும். ஒரு சுற்றுச் சுழன்று மீளவே குறைந்தது 1000 அடி வேண்டும் என்கிறது செஸ்னாவின் கையேடு. நாங்கள் இருந்தது 500 அடியில்.

"ரட்டரை விடுங்கள். இறக்கைகளை நேராக்குங்கள். மேலே போகலாம்" என்றேன். போனோம். கீழே வந்ததும், "கோட்டைப் பிடித்திருப்பேன் மேடம்" என்றார். பிடித்திருக்கவும் கூடும். இதே தப்பைச் செய்துவிட்டுப் பத்திரமாக இறங்கியவர்கள் நிறையப் பேர் உண்டு, அதுதான் ஆபத்தே.

சாய்த்தால் மட்டும் சரியாகிவிடுமா? ஃபிளாப் (மெதுவாகப் பறக்க உதவும், இறக்கையின் பின்பக்க மடல்) இறக்காத இந்த விமானம் நேராகப் பறக்கும்போது சுமார் 48 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் ஸ்டால் ஆகும். உயரத்தை விடாமல் 30 டிகிரி சாய்த்துத் திரும்பினால் அது 52 நாட். 45 டிகிரியில் 57. 60 டிகிரியில் 68. பேஸில் நாம் வருவதே ஏறக்குறைய 70 நாட்டில். ஆகவே என் மாணவர்களுக்கு 30 டிகிரிதான் வரம்பு. அதற்குள் கோட்டைப் பிடிக்க முடியவில்லையென்றால் கோடு போகட்டும்.

கோட்டைப் பிடித்து நேராக வருபவர்களுக்கு வேறொரு சபலம் உண்டு, வேகம். மெதுவாகப் போனால்தானே விழும், பத்து நாட் கூடுதலாக வைத்துக்கொள்வோம் என்று தோன்றும். 65க்குப் பதிலாக 75 நாட்டில் வந்து, அதே விகிதத்தில் கூடுதல் வேகத்தோடு தரை தொட்டால் நிற்பதற்கான ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு நீளும், ஏனென்றால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதற்கு முன் விமானம் இறங்க மாட்டேன் என்று தரைக்கு மேலேயே மிதந்துகொண்டு போகும். பொறுமை இழந்து மூக்கை அழுத்தினால் முன்சக்கரம் முதலில் பட்டுத் துள்ளும். இரண்டாவது துள்ளலிலோ மூன்றாவதிலோ புரொப்பெல்லர் தரையை வெட்டும். நான் மாணவியாக இருந்தபோது அப்படி வளைந்துபோன ஒரு புரொப்பெல்லரை ஹேங்கர் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். யார் வளைத்தது என்று யாரும் சொன்னதில்லை.

கடைசி நேர்கோட்டில் நான் பார்க்கச் சொல்வது ஓடுபாதையின் முனையில் எழுதியிருக்கும் எண்ணை. முன்கண்ணாடியில் எங்காவது பூச்சி அடிபட்ட கறை இருக்கும். அந்தக் கறையோடு ஒப்பிட்டு எண் மேலே நகர்ந்தால், ஓடுபாதைக்கு முன்னாலேயே இறங்கிவிடுவீர்கள். கீழே நகர்ந்தால் தாண்டிப் போவீர்கள். அசையாமல் நின்றால் சரி. ஓடுபாதை ஓரத்தில் உயரம் காட்டும் நான்கு விளக்குகள் இருந்தால், இரண்டு வெள்ளையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரிய வேண்டும். குறுகலான ஓடுபாதை கண்ணை ஏமாற்றும். உயரமாக இருப்பதாக நினைத்துத் தாழ வருவோம்.

500 அடியில் ஒரு கேள்வி. வேகம், கோடு, இறங்கும் வீதம், ஃபிளாப் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா? ஒன்று பிசகினாலும் கோ அரவுண்ட்: முழு விசை கொடுத்து மேலே ஏறி, சுற்றி வந்து மறுபடி முயல்வது.

அதையும் பழகியிருக்க வேண்டும். 2016 ஜூன் 9 அன்று அமெரிக்காவின் ஹூஸ்டன் ஹாபி விமான நிலையத்தில், ஒரு சிர்ரஸ் எஸ்ஆர்20 விமானம் பெரிய பயணிகள் விமானங்களுக்கு நடுவே இறங்க மீண்டும் மீண்டும் முயன்றது. கடைசி கோ அரவுண்டில், போதிய வேகம் வருமுன் ஃபிளாப்பை மேலேற்றியதால் ஸ்டாலாகி விழுந்தது. உள்ளே இருந்த மூவரும் இறந்தார்கள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்த சிக்கலான கட்டளைகளுக்கும் இதில் பங்கு உண்டு என்று விசாரணை சொன்னது. வானொலியில் 'முடியாது' என்று சொல்லவும் விமானிக்கு உரிமை இருக்கிறது. மரியாதை கருதி அதைச் சொல்லாமல் விடுபவர்கள் நம்மிடையே அதிகம்.

172 எஸ்ஸில் வரிசை இது: முழு விசை, முழுதாக இறக்கியிருந்த ஃபிளாப்பை உடனே 20 டிகிரிக்கு ஏற்றுவது, 60 நாட், பிறகு 10 டிகிரி, தடைகளைத் தாண்டி 65 நாட் வந்தபின்தான் மீதி. முழு விசை கொடுத்ததும் மூக்கு துள்ளி எழும். முதல் தடவை எதிர்பார்ப்பதைவிட நிறையவே பலம் கொடுத்து அழுத்த வேண்டியிருக்கும். வலது காலும் வேலை செய்ய வேண்டும்.

மாணவர்களைத் தடுப்பது பெரும்பாலும் அறியாமை அல்ல. பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் பணம். அப்பா வாங்கிய கடன். இன்னொரு சுற்று என்றால் ஆறு நிமிடம். போதாததற்குக் கீழே தேநீர்க் கோப்பையோடு நண்பர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த மாணவர் இரண்டு நாள் கழித்து அதே காற்றில் அதே திருப்பத்துக்கு வந்தார். மறுபடி கோடு தாண்டியது. குண்டு நடுவில் இருந்தது. நான் வாயைத் திறக்குமுன் எஞ்சின் விசையைக் கூட்டும் த்ராட்டில் முன்னால் போய்விட்டது. இறங்கிய பிறகு, "என்னடா ஆச்சு?" என்று நண்பர்கள் கேட்டார்கள். "கோடு தாண்டிவிட்டது" என்று சொல்லிக்கொண்டே ஒருவன் கையிலிருந்த தேநீரை வாங்கிக் குடித்தார்.